பள்ளிக்கூட ஃபுட்பால் ப்ளேஆஃப் ஆட்டத்தைக் கல்லூரி ஸ்டேடியத்தில் எதற்கு நடத்துகிறார்கள்?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது: அண்ணன் மகன் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டிமாய்ன் பக்கம் படிக்கிறான், பள்ளி ஃபுட்பால் அணி அரையிறுதிக்கு வந்துவிட்டது, ஆனால் ஆட்டம் சொந்த மைதானத்தில் இல்லை, இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு பல்கலைக்கழக ஸ்டேடியத்தில். "இவ்வளவு அருமையான மைதானம் பள்ளியிலேயே இருக்கும்போது ஏன் இந்த அலைச்சல், எல்லாம் காசு பார்க்கவா?"

காசும் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் முதல் காரணம் குளிர்.

நானும் அயோவாதான், சீடர் ராப்பிட்ஸ் பக்கம். என் மகன் பள்ளி அணியில் கிக்கராக இருந்தான். (ஃபுட்பால் என்றால் இங்கே முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதும் அந்த ஆட்டம். அதில் காலால் உதைப்பதற்கென்றே தனியாக ஒருத்தனை வைத்திருப்பார்கள், அவன்தான் கிக்கர்.) சாக்கர், அதாவது நம்மூர்க் கால்பந்து, ஆடிக்கொண்டிருந்தவனைப் பயிற்சியாளர் பார்த்துவிட்டு, "இவன் காலை எனக்குக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நாலு வருஷம் எங்கள் வெள்ளிக்கிழமை ராத்திரிகள் அத்தனையும் அதிலேயே போயின. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கட்சி உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

சீசன் ஆகஸ்டு கடைசியில் தொடங்கும்போது பனியனோடு உட்கார்ந்து பார்க்கலாம். ப்ளேஆஃப் வரும்போது அக்டோபர் முடியும் நேரமாகியிருக்கும். நவம்பர் ராத்திரியில் அலுமினிய பெஞ்சில் உட்கார்ந்தால் இரண்டு போர்வை, உள்ளே ஒரு ஸ்வெட்டர், வெளியே ஒரு கோட்டு எல்லாம் இருந்தும் இடுப்புக்குக் கீழே உடம்பு நம்முடையதா என்று சந்தேகம் வரும். புல் தரை என்றால் ஒரு மழை போதும், சேறு. பந்து கையில் நிற்காது. வருஷம் பூரா உழைத்த பையன்களின் இறுதி ஆட்டத்தை யார் நன்றாக ஆடினார்கள் என்பது முடிவு செய்ய வேண்டுமே தவிர, யார் குறைவாக வழுக்கி விழுந்தார்கள் என்பதா?

இதற்கு இந்த மாநிலம் ரொம்ப நாளைக்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது. சீடர் ஃபால்ஸில் வடக்கு அயோவா பல்கலைக்கழகத்துக்கு யூஎன்ஐ-டோம் என்று ஒரு மூடிய அரங்கம் இருக்கிறது, 1976-ல் திறந்தது, சுமார் 16,000 பேர் உட்காரலாம். அதே வருஷத்திலிருந்து பள்ளி இறுதி ஆட்டங்கள் அங்கேதான். இப்போது அரையிறுதியும் அங்கேயே. உங்கள் அண்ணன் மகன் போவதும் அங்கேதான் இருக்கும். டிமாய்னிலிருந்து இரண்டு மணி நேரம் என்றால் கணக்கு சரியாக வருகிறது.

இங்கே பள்ளிக்கூடங்களை மாணவர் எண்ணிக்கை வைத்து ஏழு பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். பெரிய பள்ளிகள் 5ஏ, அப்புறம் 4ஏ, 3ஏ, 2ஏ, 1ஏ, ஏ. இதற்கும் கீழே, பதினொரு பேரைத் திரட்ட முடியாத குட்டிப் பள்ளிகளுக்கு எட்டுப் பேர் ஆட்டம். ஏழு பிரிவுக்கும் அரையிறுதி, இறுதி என்றால் மொத்தம் 21 ஆட்டம். அத்தனையையும் ஒரே கூரைக்குக் கீழே, வானிலையைப் பற்றிக் கவலையே இல்லாமல், ஒரே கேமராக் குழுவை வைத்துக்கொண்டு அடுத்தடுத்து நடத்தி முடித்துவிடலாம். இருபத்தொரு ஊருக்கு இந்தச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு அலைவதை யோசித்துப் பாருங்கள்.

அந்த எட்டுப் பேர் ஆட்டம் இருக்கிறதே, அதை ஒரு தடவை பார்த்தேன், எங்கள் ஆட்டத்துக்குச் சீக்கிரமே போய்விட்டதால். சோளக்காட்டுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்ன ஊர், பள்ளிக்கூடம், ஒரு பெட்ரோல் பங்க், தானியக் கிடங்கு அவ்வளவுதான் இருக்கும், ஆனால் ஊரையே பூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எனக்கு முன்வரிசையில் ஒரு தாத்தா, கையில் வாக்கர், தன் காலத்தில் அந்தப் பள்ளி இந்த வாசலை மிதித்ததே இல்லை என்று பக்கத்தில் இருந்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மாநிலத்தின் மிகப் பெரிய பள்ளி ஆடும் அதே தரையில் அந்தப் பையன்கள் ஆடுகிறார்கள், அதே விளக்கு, அதே ஸ்கோர் போர்டு. கல்லூரி ஸ்டேடியம் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் குளிருக்கு அடுத்த காரணம் இதுதான்.

பையன்களுக்கு அது ஸ்டேடியம் இல்லை, ஒரு வார்த்தை. "டோம்." ஜூன் மாத வெயிலில் பயிற்சி செய்யும்போதே டோம் என்றுதான் பேச்சு. 5ஏ-யில் 16 அணிகள் ப்ளேஆஃபுக்கு வரும், இரண்டு ஆட்டம் ஜெயித்தால் டோம். கர்ட் வார்னர் கதையை இங்கே எல்லா அப்பாக்களும் தவறாமல் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன்: எங்கள் சீடர் ராப்பிட்ஸில் படித்த பையன், இந்த டோமில் கல்லூரி ஆட்டம் ஆடியவன், அதிலும் கடைசி வருஷம்தான் முதல் வரிசைக்கே வந்தான், என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீகில் இடம் கிடைக்காமல் சீடர் ஃபால்ஸ் ஹைவீ கடையில் ராத்திரி ஷிஃப்டில் அலமாரி அடுக்கிக்கொண்டிருந்தான், பிறகு 2000 ஜனவரியில் அந்த லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்து அந்த ஆட்டத்தின் சிறந்த வீரன் ஆனான். மகன் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அப்பா, அவர் குவார்ட்டர்பேக், நான் கிக்கர்" என்றான். (குவார்ட்டர்பேக் என்றால் பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிறவன்.) சரி, விடு.

அப்படியே எல்லாக் கல்லூரி ஸ்டேடியமும் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அயோவாவுக்கு வருவதற்கு முன்னால் ஒஹாயோவில், கொலம்பஸில் இருந்தோம். 2014-லிருந்து 2016 வரை அந்த மாநிலத்தின் பள்ளி இறுதி ஆட்டங்களை ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் நடத்தினார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் உட்காரலாம், அமெரிக்காவிலேயே மிகப் பெரிய ஸ்டேடியங்களில் ஒன்று. டிசம்பர் முதல் வாரம், கல்லூரி சீசன் முடிந்து இடம் காலியாக இருக்கும் நேரம். அலுவலக நண்பர் கூப்பிட்டார் என்று ஒரு ஆட்டத்துக்குப் போனேன். வந்த கூட்டம் ஒன்றும் சின்னக் கூட்டம் இல்லை, வேறு எங்கே உட்கார்ந்திருந்தாலும் நிரம்பி வழிந்திருக்கும், ஆனால் ஒரு லட்சம் இருக்கைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இரண்டு பக்கமும் பேண்ட் வாத்தியம் உயிரைக் கொடுத்து வாசிக்கிறது, சத்தம் மேலே எழும்பி எங்கேயோ போய்க் கரைந்துவிடுகிறது. திறந்த ஸ்டேடியம் வேறு, குளிருக்கும் விமோசனம் இல்லை. 2017-ல் இறுதி ஆட்டங்கள் கேன்டனுக்குத் திரும்பிப் போய்விட்டன, புரோ ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் பக்கத்தில் இருக்கிற, சுமார் 23,000 பேர் கொள்ளும் ஸ்டேடியத்துக்கு. நல்ல முடிவு என்றுதான் நினைத்தேன்.

ஆகவே பெரிசு என்பது முக்கியம் இல்லை, கூட்டத்துக்கு ஏற்ற அளவு என்பதுதான் முக்கியம். வடக்குச் சமவெளி மாநிலங்கள் இதில் அதிர்ஷ்டசாலிகள், ஏனென்றால் குளிருக்குப் பயந்து இந்த ஊர்க் கல்லூரிகள் மூடிய அரங்கத்தில் ஆடுகின்றன, அவற்றை அளவுக்கு மீறிப் பெரிதாகக் கட்டவும் இல்லை. தெற்கு டகோட்டாவில் வெர்மில்லியனில் டகோட்டாடோம், வடக்கு டகோட்டாவில் ஃபார்கோடோம் (இது நகராட்சிக்குச் சொந்தம், ஆனால் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது, கல்லூரி அணியும் அங்கேதான் ஆடுகிறது). இரண்டிலும் பள்ளி இறுதி ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. மினசோட்டாவில் மெட்ரோடோம் என்ற மூடிய அரங்கத்தை இடித்த பிறகு புது ஸ்டேடியம் வரும்வரை 2014-லும் 2015-லும் இறுதி ஆட்டங்களைப் பல்கலைக்கழகத்தின் திறந்த ஸ்டேடியத்தில் வைத்தார்கள். மினசோட்டா நவம்பரில் திறந்த வானம். மேலே சொல்லத் தேவையில்லை.

டெக்சாஸ் தனி உலகம். அங்கே ப்ளேஆஃபில் எங்கே ஆடுவது என்பதை இரண்டு பள்ளிப் பயிற்சியாளர்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள், ஒத்துவரவில்லை என்றால் காசு சுண்டிப் போடுகிறார்கள். வேக்கோவில் இருக்கிற பேய்லர் பல்கலைக்கழக ஸ்டேடியம் மாதிரி, இரண்டு ஊருக்கும் நடுவில் விழுகிற இடம் கிடைத்தால் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அவர்களுக்குக் கல்லூரியின் தயவே தேவையில்லை. டல்லஸ் பக்கத்தில் ஆலன் என்ற ஊரில் பள்ளிக்கூடத்துக்காக 2012-ல் 60 மில்லியன் டாலரில் கட்டிய ஸ்டேடியத்தில் 18,000 பேர் உட்காரலாம். எங்கள் கல்லூரி டோமைவிட அவர்கள் பள்ளிக்கூட மைதானம் பெரிசு! (இரண்டு வருஷத்தில் கான்கிரீட்டில் விரிசல் விட்டு 2014-ல் மூடி, 2015-ல் திரும்பத் திறந்தார்கள்.)

இப்போது உங்கள் காசு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளி மைதானத்தில் ஆட்டம் நடந்தால் தீனிக்கடை பெற்றோர்களுடையது, பூஸ்டர் கிளப் என்று பெயர். என் மனைவி இரண்டு சீசன் அதில் நின்று ஹாட் சாக்லேட் ஊற்றியிருக்கிறாள், வாக்கிங் டாக்கோ கட்டியிருக்கிறாள். அது ஒரு கூத்து: சின்ன டோரிட்டோஸ் பாக்கெட்டைக் கத்தரித்து, அதற்குள்ளேயே கொத்துக்கறியும் சீஸும் கொட்டி ஒரு ஸ்பூனைக் குத்திக் கொடுப்பது. அந்த வருமானம்தான் பையன்களுக்கு ஹெல்மெட், பேண்ட் வாத்தியப் பிள்ளைகளுக்கு உடுப்பு. பெரிய ஸ்டேடியத்துக்குப் போனால் அந்தக் கடை நம்முடையது இல்லை. டிக்கெட் கணக்கும், ப்ளேஆஃப் என்று வந்துவிட்டாலே, பெரும்பாலும் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் கைக்குப் போய்விடுகிறது. அதிலிருந்துதான் இடத்து வாடகை, காவல், ஆம்புலன்ஸ் எல்லாம். யாரோ கொள்ளையடிக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பயணச் செலவு வீட்டுத் தலையில்தான். எங்களுக்கு ஒரு மணி நேரம், போய் வந்துவிடுவோம். மேற்கு ஓரத்தில் கவுன்சில் பிளஃப்ஸிலிருந்து வருகிறவர்களுக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம், அதுவும் வாரநாள் ஆட்டம் என்றால் லீவு போட வேண்டும். மணி நேரக் கூலிக்கு வேலை செய்கிற அப்பா அம்மாக்கள் மகனின் ஆட்டத்தை டி.வி.யில் பார்க்க நேர்வதும் உண்டு. இந்த ஒரு வாதத்துக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது.

அதனால்தான் முதல் சுற்றுகளைச் சொந்த மைதானத்தில் விட்டுவைப்பது அவசியம் என்கிறேன், எங்கள் ஊரில் அப்படித்தான் செய்கிறார்கள். சேறோ பனியோ, ஊர் நடந்தே வந்து பார்க்கும். எல்லாச் சுற்றையும் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம் என்று யாராவது கிளம்பினால் நான் எதிர்க்கட்சி.

இன்னொரு விஷயம், கிக்கரின் அப்பாவுக்குத்தான் தெரியும். மைதானத்தின் நீள அகலம் பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஒன்றுதான், ஆனால் உள்ளே கோடுகள் வேறு. பந்தை வைத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஹாஷ் கோடுகள் இரண்டுக்கும் நடுவே பள்ளியில் 53 அடி 4 அங்குலம், கல்லூரியில் 40 அடி. கோல் கம்பங்களுக்கு நடுவே பள்ளியில் 23 அடி 4 அங்குலம், கல்லூரியில் 18 அடி 6 அங்குலம். கிட்டத்தட்ட ஐந்தடி குறைச்சல்! எந்த ஊரானாலும், கல்லூரி ஸ்டேடியத்தில் பள்ளி ஆட்டம் என்று சொன்னால் எந்தக் கோடு, எந்தக் கம்பம் என்று நான் முதலில் கேட்பேன். மற்ற பெற்றோர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

கடைசியில் மகனைக் கவிழ்த்தது கோடும் இல்லை, கம்பமும் இல்லை. எங்கள் பள்ளி மைதானத்தில் எப்போதும் வடமேற்கிலிருந்து ஒரு காற்று அடிக்கும். நாலு வருஷமாக அதற்கு ஈடாகக் கொஞ்சம் இடது பக்கம் பார்த்தே உதைத்துப் பழகியவன். டோமுக்குள்ளே காற்று ஏது? அரையிறுதியில் அவனுடைய முதல் ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கும் முயற்சி), பார்த்த இடத்துக்கே நேராகப் போனது, அதாவது கம்பத்துக்கு வெளியே, இடது பக்கம். அடுத்த இரண்டும் நடுவில் போயின. பத்துப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம், அவனால் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் திரும்பி வரும் வழியில் ஹைவேயில் பாதி தூரம் அவன் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் திடீரென்று, "அப்பா, அங்கே பந்து சொன்ன பேச்சைக் கேட்கிறது" என்றான்.

நேரில் வருவதாக இருந்தால் ஒன்று சொல்லிவைக்கிறேன். இம்மாதிரி பெரிய அரங்கங்களில் பெரும்பாலும் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பையைத்தான் அனுமதிப்பார்கள், வெளிச் சாப்பாடும் கூடாது. கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து உள்ளே கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், வியர்க்கும். புளியோதரை டப்பா காரிலேயே இருக்கட்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் பையன் பார்க்கிங்குக்கு வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பான்.