வீட்டை விட்டு வெளியே வராத மாமாவின் ஒரு நாளை எப்படிப் பதிவு செய்வது?

கேள்வி: என் தாய்மாமாவுக்கு 74 வயது. சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றில் தனியாக இருக்கிறார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். அத்தை காலமான பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போவதை நிறுத்திவிட்டார். மூட்டுவலியும் சேர்ந்துகொண்டது. இப்போது கோவிலுக்கும் வருவதில்லை, கல்யாணங்களுக்கும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ப் பார்த்து வருகிறேன். அவருடைய அன்றாட வாழ்க்கையைப் பதிவு செய்து வைக்க ஆசை. மருத்துவரிடம் காட்டலாம், பிற்பாடு குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இருக்கும். மாமாவோ, "இங்கே என்ன நடக்கிறது என்று எழுதப்போகிறாய்?" என்கிறார். எங்கே தொடங்குவது? வீட்டில் கேமரா வைக்கலாமா? காணொளியாக எடுத்து இணையத்தில் போடலாமா?
- ஈசூன் வாசகி

பதில்: நீங்கள் கேட்டிருப்பது இரண்டு தனித்தனி வேலைகள். மருத்துவருக்கு வேண்டியது ஒன்று, பிள்ளைகளுக்கு வேண்டியது வேறொன்று. இரண்டையும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் இரண்டுமே கெட்டுப்போகும். மருத்துவர் படிக்கப்போகிறார் என்று தெரிந்தால் மாமா பாதியை மறைப்பார். பிள்ளைகள் பிற்காலத்தில் புரட்டும்போது அவர் வாழ்ந்த வாழ்க்கை மாத்திரைக் கணக்காகத் தெரியும். ஆகவே இரண்டு நோட்டுகள் வாங்குங்கள்.

மருத்துவ நோட்டு எளிது. இரண்டு வாரம் எழுதினால் போதும். தூங்கிய நேரம், எழுந்த நேரம், சாப்பிட்டது, மாத்திரை, தடுமாற்றம் அல்லது விழுந்தது, இவற்றோடு ஆறு காரியங்களைக் கவனியுங்கள்: குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியான கேர்ஷீல்டு லைஃப் திட்டத்தில் கடுமையான உடற்குறையை மதிப்பிடுவது இந்த ஆறை வைத்துத்தான். மூன்றையாவது பிறர் உதவி இல்லாமல் செய்ய முடியாதவருக்கே மாதத் தொகை கிடைக்கும். மாமா அந்தத் திட்டத்தில் இருக்கிறாரா என்பது வேறு விஷயம்; மருத்துவரும் சமூக ஊழியரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இந்த ஆறைச் சுற்றியே இருக்கும். "குளித்தார்" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. "பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, எழும்போது குழாயைப் பிடித்துக்கொண்டு, முக்கால் மணி நேரத்தில் குளித்து முடித்தார்" என்று எழுதினால், கைப்பிடிக் கம்பி வேண்டும் என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடும். வீவகவின் 'ஈஸ்' திட்டத்தில் கழிவுத்தொகையோடு கம்பி பொருத்தித் தருகிறார்கள். நம் பெரியவர்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. பலதுறை மருந்தகத்தில் பெயரை அழைத்ததும் சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து, "எல்லாம் நல்லபடியாக இருக்கிறது டாக்டர்" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஐந்து நிமிட நடிப்பை ஈடுகட்ட உங்கள் இரண்டு வாரக் குறிப்பு வேண்டும்.

இனி இரண்டாவது நோட்டு. இதில்தான் மாமாவின் கேள்வி நிற்கிறது. அவர் சொல்வது பொய் இல்லை. "வழக்கமாக என்ன செய்வீர்கள் மாமா?" என்று கேட்டால் யாருக்குமே சொல்ல ஒன்றும் இருக்காது. எழுகிறேன், சாப்பிடுகிறேன், டிவி பார்க்கிறேன், தூங்குகிறேன், அவ்வளவுதான். 'வழக்கமாக' என்று கேட்டால் மனம் தானாகவே சுருக்கிச் சொல்லிவிடும். நேற்றைப் பற்றிக் கேளுங்கள். நேற்று எழுந்ததும் முதலில் எந்த அறைக்குப் போனீர்கள்? அப்போது விளக்கு போட்டீர்களா? அடுப்பில் முதலில் எதை வைத்தீர்கள்? அங்கிருந்து எழுந்து எங்கே போய் உட்கார்ந்தீர்கள்?

உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு முறை ஒன்றின் அடிப்படை இதுதான். முந்தின நாளை வரிசையாகத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எங்கே இருந்தோம், யாரோடு இருந்தோம், எப்படி உணர்ந்தோம் என்று நினைவுகூர வைப்பார்கள். வேலைக்குப் போகும் ஒருவரின் நாளைக் காட்சி காட்சியாகப் பிரிப்பது எளிது; பஸ், அலுவலகம், சாப்பாட்டுக் கடை என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். வீட்டோடு இருப்பவரின் நாளுக்கும் காட்சிகள் உண்டு. அவை வீட்டுக்குள்ளேயே மாறுகின்றன. அடுக்களை ஜன்னல், கூடத்து நாற்காலி, கட்டிலின் ஓரம், இரும்புக் கதவின் உட்பக்கம். வீட்டின் வரைபடம் ஒன்றைக் கையால் போட்டு, எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று குறித்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் அவர் நுழையவே நுழையாத ஓர் அறை உங்களுக்குத் தெரியவரும். அது எந்த அறை, அங்கே என்ன இருக்கிறது என்பதைக் கேட்க அவசரப்படாதீர்கள்.

வீட்டின் அமைப்பையும் எழுதுங்கள். அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பழைய வீவக வீடுகளில் குப்பைக் குழாய் அடுக்களைக்குள்ளேயே இருக்கிறது; பிற்காலப் புளோக்குகளில் அது வெளியே, மின்தூக்கி அருகில் பொதுவாக இருக்கிறது. ஒருவர் குப்பை போடக்கூட வாசல் தாண்ட வேண்டியதில்லை என்பதும், இன்னொருவர் யாரும் இல்லாத நள்ளிரவு பார்த்துப் பையோடு வெளியே போய் வருகிறார் என்பதும் இரண்டு வேறு வாழ்க்கைகள். மின்தூக்கியும் அப்படியே. 2001இல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்குவதற்கு முன் பல புளோக்குகளில் அது சில மாடிகளில் மட்டுமே நிற்கும். மாமாவின் மாடியில் எப்போதிலிருந்து நிற்கிறது, அதற்கு முன் அவரும் அத்தையும் அரிசி மூட்டையை எப்படி ஏற்றினார்கள் என்று கேட்டால் ஒரு பக்கம் நிரம்பும்.

ஒலிகளையும் கேளுங்கள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்கே விடிகிறது, ஏழு மணிக்கே இருட்டுகிறது. வெளியே போகாதவருக்கு வெளிச்சத்தை வைத்து மாதத்தைச் சொல்ல முடியாது. குயில் கத்தத் தொடங்குவது, புல்வெட்டும் இயந்திரம், பழைய பொருள் வாங்கும் காராங்கூனிக்காரரின் ஹார்ன், பள்ளி விடுமுறையில் தாழ்வாரத்தில் ஓடும் பிள்ளைகள், டிசம்பர் மழை, ஒலி 96.8 வானொலியில் நிகழ்ச்சி மாறும் நேரம் என இவற்றைக் கொண்டுதான் அவர் நாளையும் கிழமையையும் அறிந்துகொண்டிருப்பார். "இன்று செவ்வாய் என்று எப்படித் தெரியும் மாமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு ஒரு தடை உண்டு. நீங்கள் பார்ப்பது ஞாயிறு. மருமகள் வருகிறாள் என்று முகச்சவரம் செய்து, கூடத்தைப் பெருக்கி, உங்களுக்குப் பிடித்ததை வாங்கிவரச் சொல்லி வைத்திருக்கும் நாள் அது. மற்ற ஆறு நாள்கள் எப்படி என்பது அதிலிருந்து தெரியாது. புதன்கிழமை மாலை பத்து நிமிடம் தொலைபேசியில் அழைத்து அன்றைய நாளை மட்டும் கேளுங்கள். அடுத்த வாரம் வேறு கிழமை. பிரிட்டனில் 1937இல் தொடங்கிய 'மாஸ் அப்சர்வேஷன்' என்ற அமைப்பு, சாதாரண மக்களிடம் மாதத்தின் 12ஆம் தேதி மட்டும் என்ன செய்தார்கள் என்று எழுதி அனுப்பச் சொன்னது. தேதியை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் சுவாரசியமான நாளைப் பொறுக்கியெடுக்கும் ஆசை அடங்கிவிடும்.

இன்னொரு வழுக்கல் துறைமுகக் கதைகள். பாரந்தூக்கி ஓட்டியவரிடம் கதைக்கா பஞ்சம்? அவரும் உற்சாகமாகப் பேசுவார், நீங்களும் இன்றைய நாளை மறந்து 1970களுக்குப் போய்விடுவீர்கள். அவை அருமையான பதிவுகள்தான். ஆனால் அவற்றுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் இத்தகைய நினைவுகளைத் திரட்டி வருகிறது. தமிழ்ப் பதிவுகளும் அங்கே உண்டு. அவற்றில் சிலவற்றைக் கேட்டால் கேள்வியை எவ்வளவு சிறியதாகக் கேட்க வேண்டும் என்று பிடிபடும். நீங்கள் எழுதப்போவது இன்று பிற்பகல் மூன்று மணியை. அதைச் சேகரிக்க உங்களைத் தவிர யாரும் வரமாட்டார்கள்.

எழுதும்போது முடிவுரைகளைத் தவிருங்கள். "சோகமாக இருந்தார்" என்பது உங்கள் தீர்ப்பு. "டிவியின் ஒலியை அணைத்துவிட்டு, படம் ஓட, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்" என்பது நீங்கள் கண்டது. காலியான நேரத்தைக் காலியாகவே விடுங்கள். "2 முதல் 4 வரை: நினைவில்லை என்றார்" என்பதும் நல்ல குறிப்பே. அவர் மலாய்ச் சொல் கலந்து பேசினால் அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

நோட்டின் பின்பக்கத்தைத் தொடர்புகளுக்கு ஒதுக்குங்கள். யார் கதவைத் தட்டினார்கள், யார் அழைத்தார்கள், பேச்சைத் தொடங்கியது யார், உள்ளே வந்தார்களா அல்லது இரும்புக் கதவுக்கு வெளியே நின்றே போய்விட்டார்களா. சாப்பாடு கொண்டுவந்து தரும் தொண்டூழியரின் அரை நிமிடத்தையும் சேருங்கள். தனிமையைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதைவிட இந்தப் பட்டியல் அதிகம் சொல்லும். முதியோருக்கான துடிப்பாக மூப்படைதல் நிலையத்திலிருந்து, வீட்டுக்கு வந்து பேசிப் பழகும் நட்புச் சேவைக்கு ஒருவரை அனுப்பும்படி கேட்கும்போதும் கைகொடுக்கும்.

படங்கள் வேண்டுமென்றால் கேமராவை மாமாவிடம் கொடுங்கள். 1990களில் சீனாவின் யூன்னான் மாநிலத்தில் கிராமப் பெண்களிடமே கேமராவைக் கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களை வைத்து அவர்களையே பேச வைத்தார்கள். பிறகு அது 'போட்டோவாய்ஸ்' என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. பழைய கைத்தொலைபேசி ஒன்றை அவரிடம் விட்டுவிட்டு, நாளுக்கு மூன்று படம், எதை வேண்டுமானாலும், என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் எடுத்தால் நரைத்த தாடியும் வெறித்த பார்வையுமாக எடுப்பீர்கள். அவர் எடுத்தால் கொதிக்கும் பாத்திரமும் எதிர்ப் புளோக்கின் துணிக்கம்புகளுமாக இருக்கும். எனக்குப் பின்னதே மேல்.

குரலைப் பதிவு செய்யும்போது மின்விசிறியின் வேகத்தைக் குறைத்து, தொலைபேசியை மடித்த துண்டின் மேல் அவருக்கு ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். கோப்புக்குத் தேதியால் பெயரிட்டு இரண்டு இடங்களில் சேமியுங்கள். இதற்கு மேல் கருவி எதுவும் வாங்காதீர்கள்.

வீட்டுக்குள் கேமரா வைப்பது பற்றி: வேண்டாம் என்பதே என் கருத்து. விழுந்துவிடுவாரோ என்ற பயத்துக்காக வைப்பது பாதுகாப்பு ஏற்பாடு. அவரோடு பேசி, அவர் ஒப்புக்கொண்டு செய்யலாம். அந்தப் படச்சுருளைப் 'பதிவு' என்று ஆக்காதீர்கள். நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் குடும்பத்துக்குள் தனிப்பட்ட முறையில் செய்யப்படுவதைக் கட்டுப்படுத்துவதில்லை என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஒருவர் குளிப்பதையோ உடை மாற்றுவதையோ சம்மதமின்றிப் படமெடுப்பது 2020 ஜனவரியில் நடப்புக்கு வந்த தண்டனைச் சட்டத் திருத்தத்தின்படி குற்றம். சட்டத்துக்கு அப்பால், கண்காணிக்கப்படும் மனிதர் தன் வீட்டிலேயே விருந்தாளியைப் போல நடக்கத் தொடங்கிவிடுவார். பிறகு எதைப் பதிவு செய்வீர்கள்?

இணையம்? தனியாக இருக்கும் முதியவர் எத்தனை மணிக்குக் கதவைத் திறப்பார், யாரை நம்புவார் என்பதை ஊருக்கே அறிவிக்கும் காணொளி மோசடிக்காரருக்குக் கொடுக்கும் சாவி. புளோக் எண், மருந்துப் பையின் மேல் அச்சிட்ட பெயர், சுவரில் மாட்டிய கடிதம் எல்லாமே படத்தில் விழும். குடும்பத்துக்குள் வைத்திருங்கள். சம்மதத்தையும் ஒருமுறை வாங்கி முடித்துவிடாதீர்கள். மாதம் ஒரு தடவை எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். எதை அடிக்கச் சொன்னாலும் அவர் கண்முன்னே அடியுங்கள். அந்த நோட்டு யாரிடம் போக வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும்.

பேனாவை வைத்துவிட வேண்டிய தருணங்களும் உண்டு. கெட்டுப்போன சாப்பாடு குளிர்பதனப் பெட்டியில் சேர்ந்தால், மாத்திரைகள் பிரிக்காமல் கிடந்தால், "இருந்து என்ன பயன்" என்பது போன்ற பேச்சு வந்தால், அது குறிப்பெடுக்கும் நேரம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் 995. மனவுளைச்சலுக்குத் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767, தேசிய மனநல உதவி எண் 1771, இரண்டும் நாள் முழுவதும் இயங்குகின்றன. வீட்டுக்கு வரும் பராமரிப்புச் சேவைகளுக்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழைக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு மாமா "எனக்கு வேண்டாம்" என்று சொல்லக்கூடும். வற்புறுத்தாதீர்கள். மருத்துவ நோட்டை மட்டும், அவருக்குத் தெரிந்தே, தொடருங்கள். இரண்டாவது நோட்டில் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை எழுதுங்கள்: நீங்கள் என்ன கொண்டுபோனீர்கள், அவர் என்ன கேட்டார், எந்த இடத்தில் பேச்சு நின்றது. அது உங்கள் நாள்குறிப்பு, அதற்கு அவர் அனுமதி தேவையில்லை. ஆனாலும் அப்படி எழுதுவதை அவரிடம் சொல்லிவிடுங்கள். என்ன எழுதினாய் என்று ஒரு நாள் கேட்டால் நோட்டை அவர் கையில் கொடுங்கள். தப்பாக எழுதியிருக்கிறாய் என்று அவர் திருத்தத் தொடங்கினால், பேனாவையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.