கோஸ்ட் இன் தி ஷெல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் பலமுறை குறிப்பிட்டிருந்ததால் மமோரு ஓஷியின் ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பார்த்தேன். பச்சை எழுத்துகள், கழுத்தின் பின்னால் செருகும் வயர், கட்டடத்திலிருந்து குதிப்பது எல்லாமே ‘மேட்ரிக்ஸ்’ படத்தில் பார்த்தாயிற்று. நடுவில் கதையே நின்றுபோய் படகையும் மழையையும் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய பாதிப்பைச் செலுத்திய படம், சரி. அந்தப் பெருமையைத் தவிர இன்றைக்கு இதில் பார்க்க என்ன மிச்சமிருக்கிறது?

கே.

அன்புள்ள கே.,

பிள்ளையை முதலில் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தால், அப்பாதான் பிள்ளையின் ஜாடையில் இருப்பதாகத் தோன்றும். ஓஷியின் படம் 1995, மேட்ரிக்ஸ் 1999. மேட்ரிக்ஸை இயக்கிய வச்சோவ்ஸ்கிகள் இந்தப் படத்தைத் தன்னிடம் போட்டுக்காட்டி, இதையே நிஜ மனிதர்களை வைத்து எடுக்கப்போகிறோம் என்று சொன்னதாகத் தயாரிப்பாளர் ஜோயல் சில்வரே சொல்லியிருக்கிறார். டைட்டிலில் ஓடும் பச்சை எண்களில் தொடங்கி, சந்தையில் துரத்தும்போது சிதறும் தர்பூசணிகள் வரைக்கும் அங்கே போயிருக்கின்றன. இதெல்லாம் மேலே தெரிவது. உள்ளே இருப்பதை இன்றுவரை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் எண்ணம், உங்களுக்கு எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

அந்தக் குப்பை வண்டிக்காரரை நினைத்துப் பாருங்கள். மனித மூளைகளையே வலைப்பின்னலில் இணைத்துவிட்ட காலத்தில் நடக்கும் கதை இது. மனைவி விவாகரத்து கேட்கிறாள், அவள் மனதில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, மதுக்கடையில் யாரோ கொடுத்த நிரலை வைத்துக்கொண்டு, வண்டி நிற்கும் இடங்களில் எல்லாம் பொதுத் தொலைபேசியிலிருந்து அவள் மூளைக்குள் புக முயல்கிறார். கூட வேலை செய்பவரிடம் மகளின் படம் என்று ஒன்றைக் காட்டுகிறார். பிடிபட்டபிறகு, உனக்கு மனைவியும் இல்லை, மகளும் இல்லை, இத்தனை வருடமாக ஒண்டிக்கட்டையாகத்தான் இருந்திருக்கிறாய், அதெல்லாம் உன் மூளைக்குள் யாரோ புகுத்திய நினைவு என்கிறார்கள் போலீஸார். அந்தப் புகைப்படத்தில் குழந்தையே இல்லை. இந்தப் பொய் நினைவை அழித்துவிட முடியுமா என்று கேட்கிறார், இப்போதைக்கு வழியில்லை என்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று படத்தின் நாயகியான போலீஸ் அதிகாரி குசனாகி பார்த்துக்கொண்டிருக்கிறாள், மூளை தவிர மற்றதெல்லாம் தொழிற்சாலையில் செய்யப்பட்ட உடல் அவளுடையது.

மேட்ரிக்ஸில் பொய்யான உலகத்துக்கு வெளியே நிஜ உலகம் என்று ஒன்று காத்திருக்கிறது, மாத்திரையை விழுங்கினால் போய்ச் சேர்ந்துவிடலாம். குப்பை வண்டிக்காரருக்குப் போய்ச் சேர ஓர் இடமே கிடையாது. எனக்கு மேட்ரிக்ஸ் பிடிக்கும், நல்ல படம். ஆனால் அது ஆறுதல் சொல்கிற படம், இது அந்த ஆறுதலைத் தர மறுக்கிற படம்.

நீங்கள் அலுத்துக்கொண்ட அந்த மூன்று நிமிடமும் இதைத்தான் செய்கிறது. ஊர் பெரும்பாலும் ஹாங்காங்கைப் பார்த்து வரைந்தது. சீனப் பெயர்ப்பலகைகள், கால்வாய்கள், கூரைகளை உரசுவதுபோலத் தலைக்கு மேலே போகும் விமானம். கவ்லூன் குடியிருப்புகளுக்கு மேலே தாழப் பறந்துதான் விமானங்கள் அன்றைய கைடாக் நிலையத்தில் இறங்கும், 1998-இல்தான் அதை மூடினார்கள். படகில் போகும் குசனாகி நிமிர்ந்து பார்க்கிறாள், கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகத்தோடே இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். யார், என்ன என்று படம் சொல்வதில்லை. மழை வருகிறது, மஞ்சள் குடை பிடித்த குழந்தைகள் ஓடுகிறார்கள், கடை ஜன்னலில் துணிக்கடைப் பொம்மைகள். ஒரு வசனம் கிடையாது, இசையமைப்பாளர் கென்ஜி கவாயின் பாட்டு மட்டும். பழைய ஜப்பானிய மொழியில் அமைந்த கல்யாணப் பாட்டு அது, பல்கேரியப் பாடகிகளை வைத்துப் பாடவைக்க நினைத்து, கடைசியில் ஜப்பானிய நாட்டுப்புறப் பாடகிகளையே அந்தப் பாணியில் பாடவைத்தார். இதே பாட்டுதான் படத்தின் தொடக்கத்தில் அவள் உடல் தயாராகும்போதும் வருகிறது. தன்னைப்போலவே எத்தனை உடல்கள் செய்யப்பட்டிருக்கும் என்ற எண்ணம் ஒருத்திக்கு வர எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு நேரத்தை ஓஷி நமக்கும் கொடுக்கிறார்.

சண்டைக்காட்சியிலும் இது விடுவதில்லை. கடைசியில் வரும் அருங்காட்சியகத்தில், டாங்கியின் குண்டுகள் சுவரில் செதுக்கிய உயிர்களின் மரத்தைத் துளைத்துக்கொண்டு ‘ஹோமினிஸ்’ என்று, லத்தீனில் மனிதனைக் குறிக்கும் சொல், எழுதியிருக்கும் உச்சிவரை ஏறுகின்றன. பிறகு குசனாகி டாங்கியின் மூடியைப் பிடித்து இழுக்கிறாள், முதுகுத் தசைகள் புடைக்கின்றன, மூடி அசையவில்லை, அவள் கைகள்தான் பிய்ந்து போகின்றன. இவ்வளவு வலிமையாகச் செய்த உடம்பு ஒரு நொடியில் வெறும் பொருளாகிவிடுகிறது.

2017-இல் ஹாலிவுட் இதையே மறுபடி எடுத்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? நாயகிக்குத் திருடப்பட்ட ஒரு கடந்தகாலத்தைக் கொடுத்து, அவளை இழந்துவிட்ட ஓர் அம்மாவையும் கொடுத்து, இருவரையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். ஜப்பானியக் கதாபாத்திரத்தில் வெள்ளைக்கார நடிகையான ஸ்கார்லெட் ஜோஹன்சன் நடிக்கலாமா என்பதைப் பற்றித்தான் அப்போது எல்லோரும் சண்டை போட்டார்கள், அந்தச் சண்டையில் நியாயம் இருந்தது. ஆனால் என்னை அதைவிட வருத்தியது அந்த அம்மாதான். மூலப்படம் பதில் சொல்லாமல் விட்ட ஒரே கேள்விக்கு முகவரி எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் ஒரு விஷயம். 2008-இல் வந்த ‘2.0’ பதிப்பைப் பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. அதில் சில காட்சிகளைக் கணினி வரைகலையால் மாற்றி, நிறத்தையும் மாற்றிவிட்டார்கள், அதைப் பார்த்திருந்தால் தயவுசெய்து 1995 பதிப்பை ஜப்பானிய ஒலியோடு இன்னொரு முறை பாருங்கள். பிடித்திருந்தால் அடுத்து 2004-இல் ஓஷியே எடுத்த ‘இன்னொசென்ஸ்’. அது இதைவிட மெதுவாகப் போகும் படம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.