ரீல்ஸில் சட்டம் சொல்கிறவர்களுக்கு: காரைக்குடி வக்கீலம்மா பதில்கள்

பள்ளத்தூர் மாணவி: அக்கா, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பற்றி வீடியோ போடுகிறோம். எங்கள் தெருவில் நடந்ததையே சொல்லலாமா?

சட்டத்தைச் சொல்லும்மா, சம்பவம் வேண்டாம். பெயரை மறைத்தாலும் பள்ளிக்கூடம், அப்பாவின் கடை என்று ஏதாவது ஒன்று போதும், பிள்ளை யாரென்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அடையாளத்தை வெளியிடுவதே 23-ஆம் பிரிவின்படி குற்றம், ஓராண்டு வரை சிறை. வீடியோவில் குழந்தைகள் உதவி எண் 1098-ஐப் போடுங்கள்.

தேவகோட்டை தம்பி: ‘1989-க்கு முன் கல்யாணமான பெண்ணுக்குப் பூர்வீக வீட்டில் பங்கில்லை’ என்று போட்டோம். ஒரே சண்டை.

ஒரு காலத்தில் அது சரி. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25-க்கு முன் மணமான மகள்களை விலக்கியது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் நடந்த விற்பனையும், பதிவான அல்லது கோர்ட் தீர்ப்பான பாகப்பிரிவினையும் நிற்கும். ஒவ்வொரு வீடியோவிலும் இது எந்தத் தேதிச் சட்டம் என்று போடுங்கள். பழைய சட்டத்தை நம்பி ஓர் அத்தை கையெழுத்துப் போட்டுவிட்டால் யார் பொறுப்பு?

கானாடுகாத்தான் அண்ணன்: சீர் செய்தாச்சே அம்மா! இத்தனை புள்ளி, அதாவது தனித்தனிக் குடும்பம், இருக்கிற வீட்டில் இதைப் பரப்பினால் பங்காளிகள் கோர்ட்டில்தான் நிற்பார்கள்.

சீர் பங்காகாது அண்ணே. பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருந்தால் பேச்சே வேறு. உரிமை தெரியாதவரிடம் வாங்குகிற சம்மதத்தைச் சமாதானம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தேவகோட்டை தம்பி: அப்போ எல்லா அத்தைக்கும் பங்கு உண்டு என்று போட்டுவிடவா?

அவசரப்படாதே. ஐயா, அதாவது உன் தாத்தா, பர்மாவில் தானே சம்பாதித்துக் கட்டிய வீடென்றால் அது சொந்தச் சொத்து. உயில் எழுதியிருந்தால் அதன்படிதான். மூலப் பத்திரம் பார்க்காமல் தீர்ப்பு சொல்லாதே.

புதுவயல்: மோசடிக்கு 420 என்றே போடலாமா?

2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றத்துக்குப் புதிய பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 318-ஆம் பிரிவு. அதற்கு முந்தையதற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-தான். மறுபடியும் சொல்கிறேன், தேதி போடுங்கள்.

காரைக்குடி: எங்கள் வக்கீல் நண்பர் நம்பர் போட்டு ‘கேஸுக்கு அழையுங்கள்’ எனலாமா?

கூடாது. வக்கீல்கள் விளம்பரம் செய்து கேஸ் பிடிக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 36.

கோட்டையூர்: எங்கள் வீட்டு விவகாரம்...

இது மூன்றாவது வீட்டு விவகாரம். பொதுவில் எழுதாதீர்கள், எதிராளியும் படிப்பார். இலவச சட்ட உதவி எண் 15100-க்கு அழையுங்கள், இல்லையென்றால் கோர்ட்டில் இருக்கிற வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.