கோவ் துறைமுகத்தில் மறைந்த பூட்டனார்

கேள்வி: என் தாயாரின் தாத்தா அயர்லாந்துக்காரர். தென்னிந்திய ரயில்வேயில் என்ஜின் டிரைவராக மதுரையில் இருந்து, மனைவி இறந்த பின் 1925-இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். 1931-க்குப் பிறகு கடிதம் இல்லை. கடைசிக் கடிதத்தின் உறையில் ‘கோப்’ என்று ஓர் ஊர்ப்பெயர் இருக்கிறது. அப்படி ஓர் ஊரை யாரும் கேள்விப்பட்டதில்லை. 82 வயதாகும் என் தாயார் அவர் இறந்த நாளையும், பத்திரிகையில் ஏதேனும் எழுதினார்களா என்பதையும் அறிய விரும்புகிறார். முகவர் ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். பாஸ்போர்ட்டுக்கும் வழி பிறக்கும் என்கிறார். இங்கிருந்தே நாங்கள் தேட முடியாதா?
– வாசகர் ஒருவர், மதுரை ரயில்வே காலனி

பதில்: முடியும். தங்கள் பூட்டனாரின் இறப்புப் பதிவை, அது பதியப்பட்டிருந்தால், காசு செலவில்லாமல் வீட்டிலிருந்தபடியே பார்த்துவிடலாம். முகவருக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். பாஸ்போர்ட் ஆசையையும் இப்போதே விட்டுவிடுவது நல்லது: அயர்லாந்து மண்ணில் பிறந்த தாத்தாவைக் காட்டித் தங்கள் தாயார் அயர்லாந்துக் குடியுரிமைக்கான வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் இடம் கேட்கலாமே தவிர, தாங்கள் பிறப்பதற்கு முன்பே அவர் அதில் பதிந்திருந்தாலொழிய அந்த உரிமை பொதுவாகத் தங்கள் தலைமுறைக்கு இறங்காது.

முதலில் அந்த உறை. ‘கோப்’ என்று எழுத்துக் கூட்டி வாசிக்கப்படும் ஊரை அங்குள்ளவர்கள் ‘கோவ்’ என்றுதான் சொல்கிறார்கள். அயர்லாந்தின் கார்க் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) உள்ள துறைமுகம் அது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் கடைசியாக நின்று ஆள் ஏற்றிச் சென்றது அங்கேதான். அப்போது அதன் பெயர் குயின்ஸ்டவுன். பழைய பெயர் திரும்பியது 1920-இல். ஆகவே அவர் இளமையில் விட்டுப்போன ஊரும் முதுமையில் திரும்பிய ஊரும் ஒன்றாகவே இருந்தாலும், பிறப்புத் தாள்களில் ஒரு பெயரும் இறப்புத் தாளில் வேறொரு பெயருமாக இருக்கக்கூடும். பதிவு மாவட்டங்களோ பழைய ஏழையர் நலச் சட்ட வட்டாரங்களை ஒட்டிப் பிரிக்கப்பட்டவை என்பதால், ஊர்ப்பெயரைத் தேடாமல் ‘கார்க்’ மாவட்டத்தைத் தேடுங்கள்.

அயர்லாந்தில் எல்லா மதத்தினரின் பிறப்பும் இறப்பும் 1864 ஜனவரி 1 முதல் அரசுப் பதிவேட்டில் ஏறின. 50 ஆண்டு கடந்த இறப்புப் பதிவுகளின் பக்கங்களை அந்நாட்டு அரசே ‘ஐரிஷ் ஜீனியாலஜி’ என்னும் இணையதளத்தில் படங்களாக இலவசமாக வைத்திருக்கிறது. தேடுபவர் தன் பெயரைத் தட்டச்சு செய்து, ரோபோ அல்ல என்று குறியிட்டதும் பட்டியல் விரியும். 1925 முதல் 1945 வரை என்று அகலமாகவே வலை வீசுங்கள். குடும்பப் பெயரின் முன்னால் ‘ஓ’ ஒட்டு இருந்தால் அதைச் சேர்த்து ஒரு முறையும் நீக்கி ஒரு முறையும் தேட வேண்டும். மதுரையில் அவர் எப்படிக் கையெழுத்திட்டார் என்பது அயர்லாந்தில் பதிவு எழுதிய எழுத்தரைக் கட்டுப்படுத்தியிருக்காது. வயதில் ஐந்தாறு ஆண்டு முன்பின்னாக இருந்தால் ஒதுக்கிவிடாதீர்கள். அந்த வயதைச் சொன்னவர் அண்டை வீட்டுக்காரராகக்கூட இருந்திருக்கலாம்.

பக்கம் கிடைத்ததும் பலருக்கு ஏமாற்றமே வரும். இறந்தவரின் தாய் தந்தை பெயரோ, பிறந்த ஊரோ அதில் இராது. இறந்த நாள், இடம், பெயர், பால், மணமானவரா இல்லையா, வயது, தொழில், மரணத்தின் காரணம், நோய் எத்தனை நாள் நீடித்தது என்று ஒரே வரிசையில் கட்டங்கள் ஓடும். கடைசியில் ஒரு கட்டம், தகவல் தந்தவரின் கையெழுத்தும் முகவரியும், அவர் எந்த முறையில் தகவல் தந்தார் என்பதும். இறக்கும்போது உடனிருந்தவரா, வீட்டில் குடியிருந்தவரா, மருத்துவமனை ஊழியரா என்று அது சொல்லும். எழுதத் தெரியாதவராக இருந்தால் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி இருக்கும். எனக்கு இந்தக் கட்டம்தான் முழுப் பக்கத்திலும் பெரிது. அங்கே ‘சகோதரனின் மகள்’ என்றோ ‘சகோதரியின் மகன்’ என்றோ இருந்துவிட்டால், கார்க்கில் தங்களுக்கு ஒரு கிளைக் குடும்பம் இருந்தது உறுதியாகிறது. அவர்களின் பேரர்கள் இன்றும் அங்கே இருக்கலாம்.

இன்னொன்றையும் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு பாருங்கள். மணநிலைக் கட்டத்தில் ‘மனைவியை இழந்தவர்’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘மணமாகாதவர்’ என்று இருந்தால், அவர் வேறு ஆள் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம், அவர் நம்மை மறைத்துவிட்டார் என்று தாயாரிடம் சொல்லவும் வேண்டாம். பல ஆண்டுகள் கடல் கடந்து வாழ்ந்தவரின் மதுரைக் குடும்பத்தைப் பற்றி, தகவல் சொன்னவருக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கலாம். ஒரே பெயரில் பலர் கிடைத்தால் தொழில் கட்டம் கைகொடுக்கும். ஓய்வு பெற்ற என்ஜின் டிரைவர் என்றோ ரயில்வே பென்ஷன்காரர் என்றோ இருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. மீதிச் சந்தேகம் தீர, கீழவெளி வீதி மரியன்னை பேராலயம் போல அவர் மணம் முடித்திருக்கக்கூடிய கோவில்களின் பங்குப் பணியாளரை அணுகித் திருமணப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மணமகனின் தந்தை பெயர் அதில் இருக்க வாய்ப்பு உண்டு. அதை வைத்து அயர்லாந்துப் பிறப்புப் பதிவோடு ஒப்பிடலாம். கத்தோலிக்கப் பதிவேடுகள் லத்தீனில் இருந்தால் ஜேம்ஸ் என்பவர் ‘யாக்கோபுஸ்’ ஆகியிருப்பார். சந்தியாகப்பரைத் தெரிந்த நம்மூர்க்காரர்களுக்கு அது பெரிய புதிர் அல்ல.

இனிப் பத்திரிகை. இரங்கல் கட்டுரை என்பது அந்நாளில் பாதிரியாருக்கும், வக்கீலுக்கும், ஊர்ப் பெரிய வணிகருக்கும் எழுதப்பட்டது. என்ஜின் டிரைவருக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் குடும்பத்தார் காசு கட்டிப் போடும் நாலைந்து வரி மரண அறிவிப்பு கிடைக்கலாம். நம்மூர்ச் சுவர்களில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் படத்தைவிடக் கீழே வரிசையாக வரும் மகன், மருமகன் பெயர்களைத்தானே உறவினர்கள் முதலில் தேடுகிறார்கள். அதே கண்ணோடு அந்த நாலு வரியையும் படியுங்கள். எந்த வீட்டிலிருந்து, எந்தக் கோவிலுக்கு, எந்தக் கல்லறைக்கு என்பதும் அதில் இருக்கும். கடல் கடந்த சொந்தங்களுக்கும் துட்டி சொல்ல வேண்டும் என்று, ‘அமெரிக்கப் பத்திரிகைகள் எடுத்து வெளியிடுக’ என்பது போன்ற ஒரு வரியை அடியில் சேர்ப்பதும் அங்கே வழக்கமாக இருந்தது.

கார்க் வட்டாரத்துக்குப் பார்க்க வேண்டியது 1841-இல் தொடங்கிய ‘கார்க் எக்ஸாமினர்’ நாளிதழ். பழைய இதழ்கள் ‘ஐரிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ்ஸ்’ தளத்தில் சந்தாவுக்குக் கிடைக்கின்றன. பெயரை மட்டும் போட்டுத் தேடினால் மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படித்துக் கோட்டைவிடும். இறந்த நாள் தெரிந்த பின், அடுத்த ஒரு வார இதழ்களின் அறிவிப்புப் பக்கத்தைக் கண்ணாலேயே பார்ப்பதுதான் வழி. பிறகு முப்பதாம் நாள் திருப்பலி நடக்கும் காலத்தையும், ஓராண்டு நிறைவையும் பாருங்கள். நம் கருமாதி அறிவிப்பு போல அப்போதும் சிலர் விளம்பரம் கொடுப்பார்கள். சந்தா கட்ட மனமில்லையென்றால் கார்க் நகர நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். ‘1930-களில் ஒருவர்’ என்று எழுதினால் அவர்களால் உதவ முடியாது. நாளைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

அவர் ஏதேனும் சொத்து விட்டுச் சென்றிருந்தால் டப்ளின் தேசிய ஆவணக் காப்பகத்தின் உயில் அட்டவணையிலும் பெயர் இருக்கலாம். கார்க்கில் கிடைக்காமல் போய், கடைசிக் காலத்தில் வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளில் ஒன்றுக்குப் போய்விட்டார் என்று தெரிந்தால், 1922-க்குப் பிந்தைய பதிவுகளுக்குப் பெல்பாஸ்ட் அலுவலகத்தைத்தான் நாட வேண்டும்.

கேள்வி: என் முன்னோர் ஒருவரும் அயர்லாந்தில் பிறந்தவர்தான், ஆனால் இறந்தது இந்தப் பக்கம். மேலே கண்ட இணையதளத்தில் அவர் பெயர் வருமா?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: வராது. இறப்பு, இறந்த இடத்தில்தான் பதியப்படும். ஆண்ட்ரிம் கவுண்டியில் 1814-இல் பிறந்த கால்டுவெல் ஐயர் 1891-இல் கொடைக்கானலில் மறைந்து இடையன்குடியில் அடக்கமானார். அயர்லாந்துப் பதிவேட்டை எத்தனை முறை புரட்டினாலும் அவர் இறப்பு அதில் கிடைக்காது. சென்னை மாகாணத்துக் கோவில்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ‘பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கம்’ நடத்தும் தளத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். அதற்கு முன் உள்ளூர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். கல்லில் எழுத்து மங்கியிருந்தால் சுண்ணாம்போ மாவோ தடவிவிடாதீர்கள், கல் கெட்டுவிடும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பக்கவாட்டில் நின்று படம் எடுத்தால் எழுத்துகள் நிழலோடு எழும்பித் தெரியும்.