தேக்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு...

கேள்வி: எனக்கு வயது 61. தஞ்சாவூர்ப் பக்கம். மகன் சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறான். மருமகளுக்குக் குழந்தை பிறந்திருப்பதால் நானும் மனைவியும் வந்திருக்கிறோம். எனக்கு ரொம்ப நாளாக இடுப்பு வலி, சுகரும் உண்டு. இங்கே எங்கு பார்த்தாலும் மசாஜ் கடை. எது நல்ல இடம், எது ஒரு மாதிரியான இடம் என்று வெளியிலிருந்து புரியவில்லை. அந்த மாதிரி சமாசாரம் எனக்கு வேண்டாம், ஆனாலும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லதுதானே. ஊர் நண்பர் ஒருவர் மசாஜுக்கு என்று ஒரு வாட்ஸ்அப் எண் கொடுத்தார். அவர்கள் முதலில் கிஃப்ட் கார்டு வாங்கி அனுப்பச் சொல்கிறார்கள். என்னிடம் இருக்கும் வங்கி கார்டு மகன் கொடுத்தது, அதனால் கடையில் காசாகவே கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். ரசீதும் தேவையில்லை. வீட்டில் தேக்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிக்கொள்வேன். நல்ல கடையாக ஒன்று சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், செங்காங்

பதில்:

ஐயா, இடுப்பு வலிக்கு நீங்கள் ஒதுக்கியது அரை வரி. எந்தப் பக்கம் வலிக்கிறது, காலுக்கு இறங்குகிறதா, ஊரில் டாக்டர் பார்த்தாரா, ஒன்றையும் காணோம். கார்டு, காசு, ரசீது, தேக்கா, காய்கறி என்று எழுதியிருப்பதைப் பாருங்கள், எவ்வளவு விவரம்! இடுப்பு வலிக்காரர் யாரும் ரசீதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

'எனக்கு வேண்டாம், ஆனாலும்' என்று வரும் கடிதங்கள் எனக்குப் பழக்கம்தான். பக்கத்து இந்தோனேசியத் தீவான பாத்தாமுக்குப் படகேறும் நம்மூர் ஆட்கள் எழுதுவார்கள், பேங்காக் போகிறவர்கள் எழுதுவார்கள், ஊரிலிருந்து இங்கே வருகிறவர்களும் எழுதுவார்கள். மனிதர்தானே, பரவாயில்லை என்று நான் தட்டிக்கொடுப்பேன் என எதிர்பார்க்கிறார்கள். நான் அதற்கு ஆள் இல்லை.

ஆனால் நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் எதையெல்லாம் வேண்டாம் என்கிறீர்களோ, அதெல்லாம் இருக்கும் கடைதான் நல்ல கடை.

சிங்கப்பூரில் மசாஜ் கடை நடத்தப் பொதுவாகப் போலீஸ் உரிமம் வேண்டும். இப்போதைய சட்டம் 2018 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது. உரிமம் இல்லாமல் நடத்துகிறவருக்கு முதல் தடவையே 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். மறுபடியும் மாட்டினால் 20,000 வெள்ளி, 5 ஆண்டு வரை போகும். உரிமத்தை வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டிவைக்க வேண்டும். அதனால் உள்ளே போனதும் சிரித்த முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பாருங்கள். ஃபிரேம் போட்ட அந்தத் தாளில் இருக்கும் பெயரும் வாசல் பலகையில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று நின்று படியுங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முகம் சுளித்தால், வந்த வழியே நடையைக் கட்டுங்கள்.

சைனாடவுனில் பீப்பள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸுக்கு ஒருநாள் போய்ச் சும்மா சுற்றிப் பாருங்கள். சாய்வு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, போவோர் வருவோர் பார்க்கக் கால் பிடித்துவிடுவார்கள். ஒரு சீனத் தாத்தா பேப்பரை நெஞ்சில் வைத்துக்கொண்டு குறட்டை விடுவார். பக்கத்தில் ஒரு பாட்டி காய்கறித் தள்ளுவண்டியை நாற்காலியோடு ஒட்டி நிறுத்திவிட்டு, பிடித்துவிடுகிற பெண்ணிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். எத்தனை நிமிடத்துக்கு எத்தனை வெள்ளி என்று பலகையில் போட்டிருக்கும். கேட்டால் ரசீதும் தருவார்கள். அங்கே யாருக்கும் மறைக்க ஒன்றுமில்லை.

முழு உடம்புக்குப் பிடிக்கும் கடை என்றால் அறை தனியாக இருக்கும், அதில் தப்பில்லை. அப்படிப்பட்ட இடத்தில் முதலில் கேட்பது எங்கே வலி, பிரஷர் இருக்கிறதா, சுகர் இருக்கிறதா, ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்றுதான். கண்ணாடி முழுக்கக் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தாலும், மணி அடித்தால் கேமராவில் முகம் பார்த்துத்தான் திறப்பார்கள் என்றாலும், வாசலில் நின்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிட்டாலும், விலையை உள்ளே போனபிறகுதான் சொல்வோம் என்றாலும், அறைக்குள் தாழ்ப்பாள் இருந்தாலும், உங்கள் இடுப்புக்கு அங்கே வேலையில்லை. 'ஸ்பெஷல்' என்று யாராவது காதோரம் சொன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

அப்படிப்பட்ட கடையில் இருக்கும் பெண்ணைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏஜெண்டுக்குக் கட்ட வேண்டிய கடன் தலைக்குமேல் நிற்க, மசாஜ் வேலை என்று நம்பி ஏமாந்து வந்த பெண்கள் உண்டு. ஆள் கடத்தலுக்கு எதிராக இந்த நாடு 2014-இல் தனிச்சட்டமே போட்டது சும்மா இல்லை. சோதனை என்று வந்தால் முதலில் சிக்குவது அவள். முதலாளி எங்கோ இருப்பார். உங்களுக்கு மகள் இருக்கிறாளா, தெரியாது. மருமகள் இருக்கிறாள்.

சரி, தேக்காவுக்கு வருகிறேன். செங்காங்கிலிருந்து தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவுக்கு ஊதாத் தடத்தில் ஒரே ரயில், மாற வேண்டியதில்லை. காலையில் போனால் மதியத்துக்குள் திரும்பலாம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வசதியான பொய்யாகத்தான் தேடிப் பிடித்திருக்கிறீர்கள். ஆனால் அந்தக் காய்கறிக்காக வீட்டில் காத்திருக்கப்போவது யார்?

உங்கள் மனைவி கடிதத்தில் ஒரே ஒரு சொல்லில் வந்துபோகிறார். 'நானும் மனைவியும்' என்பதோடு சரி. பிள்ளை பெற்ற வீட்டில் மாமியாருக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரியும். விடியும் முன்பே எழுந்து மருமகளுக்குப் பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் செய்ய வேண்டும். குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, அதில் குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து உருவிவிட்டுக் குளிப்பாட்ட வேண்டும். ராத்திரி குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு அந்தச் சின்ன ஹாலில் நடக்க வேண்டும். அறுபதை ஒட்டிய உடம்பு அதுவும். அந்த வீட்டில் இடுப்பு வலி யாருக்கு அதிகம் இருக்க வேண்டும், சொல்லுங்கள். நீங்கள் கேட்டீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் ஒரு வரியாவது வந்திருக்கும். முருங்கைக்கீரையும் பால்சுறாவும் வரும் என்று அந்த அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் எங்கோ படுத்துக்கொண்டிருப்பீர்கள். பிறகு மார்க்கெட்டில் கூட்டம், நல்ல காய் இல்லை என்று இரண்டாவது பொய் ஒன்று தேவைப்படும்.

மகன் காசில் மசாஜ் போவதா என்று கூச்சமாக இருந்தால் அது மரியாதையான கூச்சம். அதற்கு வழி, 'தம்பி, எனக்கு இடுப்பு வலிக்கிறது, அம்மாவுக்கும் முதுகு போய்விட்டது, எங்களை எங்காவது கூட்டிப்போ' என்று வாய்விட்டுக் கேட்பதுதான். பெற்றவர்களுக்கு 60, 80 வெள்ளி செலவழிக்க எந்தப் பிள்ளையும் கணக்குப் பார்க்க மாட்டான். அப்படிப் பார்க்கிற பிள்ளை கார்டைக் கையில் கொடுத்திருக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை அவனும் மருமகளும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் இருவரும் போங்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போக முடியாத கடைக்கு, எத்தனை உரிமம் மாட்டியிருந்தாலும், போகாதீர்கள்.

போவதற்கு முன் டாக்டர். சுகர் பல வருடமாக இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வெந்நீர்ச் சூடும் கட்டைவிரல் அழுத்தமும் தெரியாமல் புண்ணாகி, அது ஆறாமல் கிடக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் அழுத்திப் பிடிக்கவே கூடாது. விமானத்தில் வந்த பிறகு ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால், அதைப் பிடித்துவிட யாரையும் தொடவிடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ரத்தக்கட்டியாக இருக்கலாம். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கழிப்பதில் சிரமம் வந்தாலோ அதே கதைதான், ஒருநாளும் தாமதிக்கக் கூடாது.

கடைசியாக அந்த வாட்ஸ்அப் எண். எந்த மசாஜ் கடையும் கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்பு என்று கேட்காது. இது இங்கே போலீசார் பல வருடமாக எச்சரித்துவரும் மோசடி. முதலில் கொஞ்சம் கேட்பார்கள், பிறகு 'டெபாசிட், திருப்பித் தந்துவிடுவோம்' என்பார்கள். நீங்கள் நிறுத்தினால் வீடு தெரியும், ஆள் அனுப்புவோம், குடும்பத்துக்குச் சொல்வோம் என்று மிரட்டுவார்கள். வெளியில் சொல்ல மாட்டார் என்று தெரிந்துதான் உங்களைப் போன்றவர்களைப் பிடிக்கிறார்கள். தேக்கா பொய்யை நீங்கள் தயாராக வைத்திருப்பது அவர்களுக்கு எவ்வளவு சௌகரியம் பாருங்கள்.

பணம் இன்னும் போகவில்லை என்றால் எண்ணை பிளாக் செய்துவிடுங்கள். மோசடியா இல்லையா என்ற சந்தேகத்துக்கு 1799 என்ற உதவி எண் இருக்கிறது, எந்த நேரமும் கேட்கலாம். கார்டு எண்ணை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் கார்டு விற்ற நிறுவனத்துக்கும் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள், போலீசில் புகார் கொடுங்கள். அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கு மகன் வேலையிலிருந்து வந்ததும் கீழே பெஞ்சில் உட்காரவைத்து அவனிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவான். திட்டட்டும்.