கால்பந்து மைதானங்களில் ரசிகர் வன்முறை: கேள்வி பதில்

கேள்வி: ரகளைக்கு மதுதானே காரணம்? தடை செய்தால் போதாதா?

போதாது. இங்கிலாந்தில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் ஆட்ட நேரத்தில் மது அருந்துவதை 1985-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது; ஆயினும் மோதல்கள் முற்றாக நிற்கவில்லை.

கேள்வி: வெற்றிக் களிப்பில் ஆடுகளத்துக்குள் ஓடுவதும் குற்றமா?

இங்கிலாந்தில் 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமே. பிற நாடுகளைப் பற்றி அந்தந்த நாட்டு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஃபிளேர் (கண்கூசும் ஒளியும் புகையும் கக்கும் தீப்பந்தம்) கொளுத்துவது வெறும் கொண்டாட்டம்தானே?

அல்ல. 1993-இல் கார்டிஃபில் நடந்த வேல்ஸ்–ருமேனியா ஆட்டத்தில் ஏவப்பட்ட கடல் ஃபிளேர், பார்வையாளராக வந்திருந்த ஒரு முதியவரைக் கொன்றது. தயவுசெய்து அதைக் கையில் எடுக்காதீர்கள்.

கேள்வி: ஹெய்சலிலும் ஹில்ஸ்பரோவிலும் லிவர்பூல் ரசிகர்களின் அடாவடியால்தானே உயிர்கள் போயின?

இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது பெரும் அநீதி. 1985-இல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சலில் லிவர்பூல் ரசிகர்கள், எதிரணியான இத்தாலியின் யுவென்டஸ் ஆதரவாளர்கள் நிறைந்திருந்த பகுதிக்குள் பாய்ந்தனர். ஓடியவர்கள் சுவரோரம் நெருக்குண்டு, சுவரும் இடிந்து, 39 பேர் இறந்தனர். அது வன்முறையின் விளைவு. பாழடைந்த மைதானம் அதைப் பேரழிவாக்கியது. 1989-இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோவில் நடந்தது முற்றிலும் வேறு. வெளியே நெரிசல் முற்றியதால் காவல்துறை பெரிய வாயில் ஒன்றைத் திறந்துவிட்டது. அதற்கு நேர் எதிரே இருந்த சுரங்கவழியை அடைக்காததால், பக்கவாட்டுப் பகுதிகளில் இடமிருந்தும், ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப்பகுதிக்குள்ளேயே கூட்டம் இறங்கியது; முன்னால் இருந்தது இரும்பு வேலி. காயங்களால் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து, இறந்தோர் எண்ணிக்கை இன்று 97.

கேள்வி: ஹில்ஸ்பரோவில் டிக்கெட் இல்லாமல் வந்த ரசிகர்களே நெரிசலுக்குக் காரணம் என்பதை மறைக்கிறீர்களே?

மறைக்கவில்லை. அந்தப் பேரழிவை விசாரித்த நீதிபதி டெய்லரின் 1989 இடைக்கால அறிக்கையே அந்த வாதத்தை ஏற்காமல், காவல்துறைக் கட்டுப்பாடு தவறியதையே முதன்மைக் காரணமாகக் கூறியது. 2016-இல் இறப்பு விசாரணை ஜூரியும் ரசிகர்கள் மீது பழியில்லை என்று தீர்ப்பளித்தது. இறந்தவர்கள் மீது மீண்டும் சேற்றை வாரி இறைக்க வேண்டாம்.

கேள்வி: மதுவைத் தடை செய்தால் என்ன?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கூட்டம் கட்டுமீறினால் கண்ணீர்ப்புகையைத் தவிர வேறு வழி உண்டா?

ஃபிஃபாவின் பாதுகாப்பு விதிகள் மைதானத்துக்குள் அதைத் தடை செய்கின்றன. 1964-இல் லிமாவில் பெரு–அர்ஜென்டினா ஆட்டத்தில் ஒரு கோல் மறுக்கப்பட, களத்துக்குள் புகுந்தவர்கள் சிலரே. ஆனால் காவல்துறை வீசிய கண்ணீர்ப்புகைக்கு அஞ்சிப் படிக்கட்டுகளில் இறங்கியவர்களைக் கீழே மூடியிருந்த கதவுகள் தடுத்தன. இறந்தவர்கள் 300-க்கும் மேல். அதே தவறு 2001-இல் கானாவின் அக்ராவிலும், 2022-இல் இந்தோனேசியாவின் கஞ்சுருஹானிலும் நேர்ந்தது. கஞ்சுருஹானில் மட்டும் 135 பேர் மாண்டனர். களத்துக்குள் ஓடியவரை ஊழியர்கள் சூழ்ந்து வெளியேற்றட்டும்; வெளிவாயில்கள் கூட்டம் முழுதும் வெளியேறும்வரை ஆள் காவலோடு, உடனே திறக்கும் நிலையில் இருக்கட்டும்.

கேள்வி: குழந்தையை அழைத்துச் செல்லலாமா?

செல்லலாம். எதிரணி ரசிகர்களை ஒட்டிய வரிசையைத் தவிருங்கள். அமர்ந்தவுடன் இரண்டு வெளிவழிகளைப் பார்த்து வையுங்கள். அருகில் எவர் கையிலேனும் ஃபிளேர் தெரிந்தால், அவருடன் வாதிடாமல் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.