கேளுங்கள், கேட்டுச் சொல்கிறேன்

கேள்வி: லண்டனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணா ‘குலா ஷேக்கர்’ என்ற ராக் குழுவின் பாட்டுகளை அனுப்பினார். அந்தக் காலத்தில் பத்திரிகைக்காரர் இவர்களைக் கிழிகிழியென்று கிழித்தார்களாம். இப்போது ரசிகர்கள் ‘நாங்கள்தான் பிழைவிட்டோம்’ என்கிறார்களாம். கசெட்டில் பாட்டுப் பதிந்து விற்ற உங்கள் ரெக்கோடிங் பார் காலத்தில் கேட்டிருக்கிறீர்களா?
– மாங்குளம் வாசகர்

பதில்: கேட்டிருக்கிறேன் தம்பி. அவர்களின் முதல் ஆல்பம் ‘கே’ வெளிவந்தது 1996 செப்டெம்பரில். இங்கிலாந்தில் அது முதலிடம் பிடித்தபோது நாங்கள் கிளிநொச்சியை விட்டு மூட்டை முடிச்சோடு காட்டுப் பக்கம் போய்விட்டோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட நாட்கள். பாட்டுக்கு யாரிடம் மனம் இருந்தது?

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வந்த மாமி மகன்தான் அந்தக் கசெட்டைக் கடையில் வைத்துவிட்டுப் போனான். “அங்க இவையளைப் பழிக்கிறாங்கள்” என்றும் சொன்னான். அந்த ஒரு சொல்லை நம்பி நான் ஒரு பிரதிகூட எடுத்து விற்கவில்லை.

ஆனால் ஒருநாள் போட்டுப் பார்த்தேன். கடைக்குப் பின்னால் அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அம்மா வடமராட்சிக்காரி. ஊரில் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை என்றால் பெருமாளைக் கும்பிட வல்லிபுரக் கோயில். ‘கோவிந்தா’ பாட்டு வந்ததும் சுளகுச் சத்தம் நின்றது. “ஆர் மோனை பாடுறது, வெள்ளைக்காரனோ?” என்றார். ஓம் என்றேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “வடிவாத்தான் கூப்பிடுறான்” என்றார். சுளகு திரும்பவும் ஆடத் தொடங்கியது.

முழுக்க சமஸ்கிருதத்தில் பாடிய அந்தப் பாட்டு 1996 கடைசியில் பிரித்தானியத் தரவரிசையில் 7ஆம் இடம் வரை போனது. சனம் வாங்கியது, எழுதுகிறவர்கள் சிரித்தார்கள். பாடகர் கிரிஸ்பியன் மில்ஸ் நடிகை ஹேலி மில்ஸின் மகன், நடிகர் ஜோன் மில்ஸின் பேரன். பெரிய வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு இந்தச் சாமிப் பாட்டு என்பதுதான் அந்தச் சிரிப்பின் அடி. அறுபதுகளின் இசையைத் திரும்ப வாசிக்கிறார்கள் என்றும் குறை சொன்னார்கள். அதில் பாதி உண்மை. ஆனால் அந்த வருடங்களில் பிரிட்பாப் என்ற பிரித்தானிய ராக் அலையே அறுபதுகளைத் திரும்பிப் பார்த்துத்தான் நடந்தது. ஒயேசிஸ் என்ற குழு பீட்டில்ஸைத் தேடிப் போனது போல இவர்கள் வேறொரு பக்கம் போனார்கள், அவ்வளவுதான்.

ஒரு விடயத்தில் கோபப்பட்டவர்கள் பக்கமே நான் நிற்பேன். 1997இல் மில்ஸ் ஒரு பேட்டியில் சுவஸ்திகா பற்றி யோசிக்காமல் கதைத்தார். ஹிட்லரின் குண்டு விழுந்த நாட்டில் அது புண்ணைக் கீறுவதுதான். பிறகு மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் பெயர் கெட்டது கெட்டதுதான். 1999இல் இரண்டாவது ஆல்பம் வந்தது, அதே வருடம் குழு கலைந்தது.

என் கசெட் 2009இல் மற்ற எல்லாவற்றோடும் போய்விட்டது. போன மாதம் ஃபோனில் முழு ஆல்பத்தையும் முதல் தடவையாக ஒழுங்காகக் கேட்டேன். நல்ல ஆல்பம் தம்பி. அன்றும் நல்ல ஆல்பம்தான். நான்தான் காதைக் கொடுக்கவில்லை.

கேள்வி: இந்தக் குலா ஷேக்கர் எங்கள் குலசேகர ஆழ்வாரா?
– அதே வாசகர்

பதில்: அவரேதான்! பெருமாள் திருமொழி பாடிய சேர மன்னர். திருமலையில் பெருமாளுக்கு முன் படியாய்க் கிடக்க ஆசைப்பட்டவர். அங்கே கருவறை வாசற்படியை இன்றும் ‘குலசேகரன் படி’ என்றுதான் சொல்வார்கள். அவர் பெயரைத்தான் இங்கிலீஷ் நாக்குக்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொண்டார்கள். அம்மா இருந்திருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

கேள்வி: எங்கிருந்து தொடங்கலாம்? இப்போதும் பாடுகிறார்களா?
– புதுக்குடியிருப்பு வாசகி

பதில்: 2004இல் திரும்பச் சேர்ந்தார்கள், 2024இலும் ஆல்பம் வந்தது. ஓர்கன் வாசித்த ஜே டார்லிங்டன் இடையில் ஒயேசிஸோடு மேடை ஏறிவிட்டு, இப்போது பழைய இடத்துக்கே வந்துவிட்டார். ‘தத்வா’ பாட்டில் தொடங்குங்கள் தங்கச்சி, அவருடைய ஓர்கனைக் கவனியுங்கள். ‘கோவிந்தா’வைக் கடைசிக்கு வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள்.